பூண்டுக்குப் பயந்தீர்கள், இறாலைக் கவனிக்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 43. தூத்துக்குடி பக்கம் வீட்டிலேயே ஊறுகாய், பொடி, தொக்கு செய்து விற்கிறேன். பூண்டு ஊறுகாய்தான் அதிகம் போகும். பல வருஷமாக நானே உட்கார்ந்து உரிக்கிறேன். போன வருஷத்திலிருந்து இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் கோடைக் கண்மாய் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. வலது கை நன்றாக இருக்கிறது. கையுறை போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமானது. மெடிக்கலில் கொடுத்த டியூப் தடவினால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. என் மாமியார் இது கரப்பான் என்று சொல்லி கத்தரிக்காய், கருவாடு, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பூண்டை நான் இனிமேல் தொடவே கூடாதா? சாப்பிடவும் கூடாதா? தொழிலை விட வேண்டியதுதானா? சேனைக்கிழங்கு நறுக்கினாலும் கை அரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தொக்குக்கு இறால் உரிக்கும்போது கொஞ்ச நேரத்தில் புறங்கை தடித்துச் சிவக்கும், ஒரு மணி நேரத்தில் போய்விடும், அது ஒன்றும் பெரிதில்லை. சாப்பிட்டால் எப்போதாவது உதடு நமநமக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, என் மகள் மணிக்கட்டில் எலுமிச்சைச் சாறு வழிந்த மாதிரி கறுப்புக் கோடுகள் வந்திருக்கின்றன. அதுவும் இதே வியாதியா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பக்கம் பக்கமாகப் பூண்டைப் பற்றி எழுதிவிட்டு, இறாலை இரண்டே வரியில் தள்ளிவிட்டீர்கள். என் கண் அந்த இரண்டு வரியில்தான் நின்றது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: தோல் மருத்துவரைப் பார்க்கும்வரை இறாலை உரிக்கவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம். நண்டு, சிங்கி இறாலும் வேண்டாம். இந்த வார ஆர்டர் இருந்தால் தொக்கை வேறு யாராவது செய்யட்டும், அந்த நேரத்தில் நீங்கள் அடுப்படியில் நிற்காதீர்கள். இறால் வேகும் ஆவியே சிலருக்கு மூக்கிலும் மார்பிலும் தொந்தரவு தரும். காரணத்தைப் பிறகு விளக்குகிறேன், ஏனென்றால் பூண்டைச் சொன்னால்தான் இறால் புரியும்.

உங்கள் விரலுக்கு வருவோம். எந்தக் கையில், எந்த விரலில், விரலின் எந்த இடத்தில் என்று இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிட்டது. ஒரு பூண்டுப் பல்லை எடுத்து உரிக்கிற மாதிரி பாவனை செய்து பாருங்கள். வலது கையில் கத்தி. இடது கையில் பல்லை மூன்று விரல் நுனிகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கிறீர்கள், அடியை வெட்டியதும் கசியும் சாறு அந்த மூன்று நுனிகளில்தான் படுகிறது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் அங்கே வேலையே இல்லை. அதனால்தான் அவை தப்பித்தன. தோல் தடித்து, மஞ்சள் பாரித்து, நீள வாக்கில் வெடிப்பு விழுந்து, ரசத்தில் உப்புப் போடப் போனால்கூட சுரீர் என்று இழுக்கும். இந்த அமைப்பைப் பார்த்தாலே சமையல்காரரா, ஓட்டல் வேலையா என்றுதான் தோல் மருத்துவர்கள் முதலில் கேட்போம். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதே மூன்று விரல்களும் வலது கையில் வெடிக்கும்.

முழுப் பூண்டை மோந்து பாருங்கள், பெரிதாக வாடை இருக்காது. பல்லை வெட்டினாலோ நசுக்கினாலோதான் உள்ளே தனித்தனியாக இருந்த ஒரு சத்தும் ஒரு நொதியும் கலந்து அல்லிசின் என்ற பொருள் உண்டாகிறது. அந்த நெடி அதனுடையது. அல்லிசின் நிலையாக நிற்காது, சிதைந்து டையல்லைல் டைசல்ஃபைடு உள்ளிட்ட கந்தகப் பொருள்களாக மாறும். பூண்டு ஒவ்வாமையில் முதல் குற்றவாளி இந்த டையல்லைல் டைசல்ஃபைடுதான். வடுகபட்டி மண்டியில் வாங்கியதானாலும் மலைப்பூண்டானாலும் இதில் வித்தியாசம் இல்லை. சின்ன வெங்காயமும் அதே குடும்பம் என்பதால் சிலருக்கு அதுவும் சேர்ந்து தொந்தரவு தரும். உங்களுக்கு அப்படி இருக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாத பூண்டு இப்போது மட்டும் ஏன்? கிளினிக்கில் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. புதிதாக என்ன சாப்பிட்டோம், புதிதாக என்ன சோப்பு என்றே யோசிப்பார்கள். இந்த வகை ஒவ்வாமை பழகிய பொருளில்தான் வரும். தினம் தினம் பட்டுப் பட்டு, ஒரு கட்டத்தில் உடலின் எதிர்ப்பு அணுக்கள் அந்தப் பொருளை எதிரியாகப் பதிந்துகொள்கின்றன. பதிந்த பிறகு எளிதில் மறப்பதில்லை. இன்னொரு குழப்பம், இது உடனே வராது. இன்று உரித்தால் நாளையோ நாளை மறுநாளோதான் எரிச்சலும் வெடிப்பும் கூடும். திங்கள் உரித்த பூண்டின் வேதனை புதன்கிழமை வரும்போது, அன்று தின்ற கத்தரிக்காய் மேல் பழி விழுகிறது.

அதனால் உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், உங்கள் விரல் வெடிப்புக்கும் கத்தரிக்காய்க்கும் சம்பந்தம் இல்லை. கத்தரிக்காய் உங்களை ஒன்றும் செய்யாது. மீனையும் நிறுத்தத் தேவையில்லை. மீன் ஒவ்வாமையைத் தருகிற புரதம் வேறு, இறாலுடையது வேறு. கருவாட்டில் மட்டும் சென்னாக்கூனி கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இறால் இனம்தான். பத்தியம் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லி, கடைசியில் ரசம் சோறு மட்டும் தின்று ரத்தசோகையோடு வந்து நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமாகத்தான் வரும். கையில் பட்டதால் வந்ததற்கு வாயைக் கட்டி என்ன பயன்?

பூண்டு சாப்பிடலாமா என்றால், சாப்பிடலாம். தொட்டால் விரல் வெடிக்கிற பெரும்பாலானவர்களுக்கு, குழம்பில் வெந்த பூண்டு ஒன்றும் செய்வதில்லை. அரிதாகச் சிலருக்குப் பச்சைப் பூண்டு நிறையச் சாப்பிட்ட ஒன்றிரண்டு நாளில் உள்ளங்கையில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். அப்படி இருந்தால் மட்டும் பச்சையாகச் சாப்பிடுவதையும் பூண்டு மாத்திரைகளையும் தவிர்த்தால் போதும்.

கையுறை போட்டதும் இன்னும் மோசமானது என்று எழுதியிருந்தீர்கள். டையல்லைல் டைசல்ஃபைடு கடைகளில் கிடைக்கிற பெரும்பாலான கையுறைகளை ஊடுருவிப் போய்விடும். ரப்பர் கையுறைக்குள் சாறு இறங்கி, வியர்வையோடு கலந்து, மணிக்கணக்கில் தோலிலேயே ஊறியிருக்கிறது. வெறும் கையில் உரித்தால் அவ்வப்போது கழுவியாவது இருப்பீர்கள். பூண்டுக்கு ரப்பர் கையுறையை நம்பாதீர்கள். பாத்திரம் விளக்க, மிளகாய் அரைக்க, தரை துடைக்க அவசியம் போடுங்கள், உள்ளே மெல்லிய பருத்தி உறையோடு. தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் போட வேண்டியிருந்தால் நடுவில் கழற்றிக் கையை ஆற விடுங்கள்.

தொழிலை விடச் சொல்ல மாட்டேன். பூண்டை உரிப்பதை மட்டும் விடுங்கள். சாறு விரலில் படாமல் ஊறுகாய் போட வழி இருக்கிறது. நீங்கள் விற்கிற அளவைப் பார்த்தால், காற்றழுத்தத்தில் தோல் நீக்குகிற சிறிய இயந்திரம் வாங்குவதோ, உரித்த பூண்டாகவே எடுப்பதோ கட்டுப்படியாகும் என்று நினைக்கிறேன். அதுவரை வீட்டில் வேறு யாராவது உரிக்கட்டும், ஆனால் ஒருவரே எப்போதும் உரிக்காமல் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்து அவருடைய கடிதம் எனக்கு வரும். ஊறுகாய்க்கு எப்படியும் பூண்டை வதக்கத்தானே போகிறீர்கள்? தோலோடு முழுப் பல்லாகக் கொதிக்கிற தண்ணீரில் சில நிமிடம் போட்டெடுத்து உரித்துப் பாருங்கள். நான் சொன்ன அந்த நொதி சூட்டில் செயலிழந்துவிடும், அதனால் வெட்டினாலும் பழைய அளவுக்குக் காரச்சாறு உண்டாகாது. தோலும் வழுக்கிக்கொண்டு வரும். ஒவ்வாமை உள்ள உங்களுக்கு இது முழுப் பாதுகாப்பு ஆகாது, வீட்டில் மற்றவர்கள் கைக்கு நல்லது. ருசி எப்படி இருக்கும் என்பது உங்கள் துறை, நான் தலையிடவில்லை.

மெடிக்கல் டியூப் விஷயம். பெயர் எழுதவில்லை, ஆனால் தடவினால் அடங்கி விட்டால் திரும்புகிறது என்கிறீர்கள் அல்லவா, அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் அதோடு படர்தாமரை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த மூன்று மருந்துக் கலவையாக இருக்கும். உங்கள் விரலில் படர்தாமரையும் இல்லை, சீழும் இல்லை. ஸ்டீராய்டு தேவைதான், ஆனால் கலப்பில்லாததாக, களிம்பு வடிவில், மருத்துவர் சொல்கிற சில வாரங்களுக்கு மட்டும். வருஷக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து இன்னும் சுலபமாக வெடிக்கும். இனி அதை வாங்காதீர்கள், காலி டியூப்பைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போதே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. வெள்ளை வாசலின், வாசனை இல்லாதது. கை கழுவும் ஒவ்வொரு முறையும் ஈரம் முழுதாகக் காய்வதற்குள் தடவுங்கள். இரவில் கெட்டியாகத் தடவிப் பருத்தி உறை மாட்டிக்கொண்டு தூங்குங்கள். வேலை நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, நாளைக்கு இருபது தடவைக்கு மேல் கழுவினாலோ, ஒவ்வாமை எதுவும் இல்லாதவர் கைகூடக் கெட்டுப்போகும். உங்கள் வேலையில் அந்த எண்ணிக்கை காலை பத்து மணிக்குள் முடிந்திருக்கும். பாத்திரம் விளக்கும் திரவத்தில் கை கழுவுவதை விடுங்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், அதன் அடியில் சோப்பு தங்கும். வெடிப்பில் மஞ்சள், சுண்ணாம்பு, உப்புத் தண்ணீர், டெட்டால் எதுவும் வேண்டாம். வெளியே நன்றாக ஆறினது போலத் தெரிந்தாலும் தோலின் தடுப்புச் சக்தி திரும்ப வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஆறிவிட்டதே என்று உடனே மூட்டையைப் பிரித்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

போகிற போக்கில் ஒன்று. பல்வலிக்குக் கன்னத்தில், மூட்டுவலிக்கு முழங்காலில், பருவுக்கு முகத்தில் என்று பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டுகிறார்கள். சில மணி நேரத்தில் நெருப்புச் சுட்டது போலக் கொப்புளம் வந்துவிடும். ஒவ்வாமையே இல்லாத யாருக்கும் இது நடக்கும். குழந்தைகளுக்குக் கட்டவே கட்டாதீர்கள்.

சரி, இறால்.

பூண்டு ஒன்றிரண்டு நாள் கழித்து வேலை காட்டும் என்றேன். இறால் உங்களுக்கு நிமிடங்களில் காட்டுகிறது. தடிப்பு, சிவப்பு, அரிப்பு, ஒரு மணி நேரத்தில் தடம் தெரியாமல் மறைவது, இது தொட்ட இடத்தில் மட்டும் வருகிற காணாக்கடி. வேலை செய்கிற எதிர்ப்பு முறையே வேறு. பூண்டுத் தோல் அழற்சி எவ்வளவு படுத்தினாலும் உயிருக்கு ஆபத்து கிடையாது. இந்த உடனடி வகையில் அப்படி உறுதி கொடுக்க முடியாது. இறாலில் ட்ரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது. வேகவைத்தாலும் வீரியம் குறையாது. நண்டிலும் சிங்கி இறாலிலும் ஏறக்குறைய அதே புரதம், கணவாயிலும் சிப்பியிலும் அதற்கு உறவான புரதம். இறாலைத் தொட்டால் மட்டும் தடித்து, சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. உங்களைப் பற்றி அப்படி என்னால் சொல்ல முடியவில்லை, காரணம் அந்த உதடு நமநமப்பு. அது உடல் தருகிற முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். அடுத்த முறை அதே அளவோடு நிற்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. வலி மாத்திரை போட்ட நாளிலோ, சாப்பிட்ட கையோடு ஓடியாடி வேலை செய்யும்போதோ இது திடீரென்று கடுமையாகலாம்.

இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு, இந்த வரிசையில் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நல்ல தோல் வழியாகப் பெரிய புரதங்கள் உள்ளே போவது கஷ்டம். வெடித்த தோலில் தடை ஏது? அதே விரலால் வாரா வாரம் இறாலின் ஓட்டை உரித்து, நரம்பை இழுத்து, அந்தத் தண்ணீரிலேயே கையை வைத்திருக்கிறீர்கள். 1976-லேயே ஹியோர்த், ரோட்-பீட்டர்சன் என்ற இரண்டு டென்மார்க் மருத்துவர்கள் சமையல் வேலை செய்வோரின் கைகளில் மீன், இறைச்சி, காய்கறி போன்றவற்றின் புரதம் பட்டு வருகிற அழற்சியைத் தனி வகையாக எழுதிவைத்தார்கள். தோல் வழியாகப் போய் வயிற்றுக்கும் ஒவ்வாமை வந்ததற்கு ஜப்பானில் பெரிய சாட்சி இருக்கிறது. கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முகச்சோப்பைப் பல வருடம் பயன்படுத்தியவர்களில் 2000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை சாப்பிட்டாலே ஒவ்வாமை வரத் தொடங்கியது. 2011-ல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அவர்கள் அதற்கு முன் வருஷக்கணக்கில் ரொட்டியும் நூடுல்ஸும் தின்றவர்கள்தான். ஆகவே, ‘சின்ன வயதிலிருந்து இறால் சாப்பிடுகிறேனே’ என்பது உங்களுக்கு அரண் ஆகாது.

வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது: சாப்பிட்ட பின் உதடோ நாக்கோ வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், உடம்பெங்கும் தடிப்போடு வாந்தியோ தலைசுற்றலோ வந்தால், செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசிதான் அதற்கு முதல் மருந்து. வண்டி வரும்வரை படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்காரட்டும், நடக்க மட்டும் விடாதீர்கள்.

சேனைக்கிழங்கு அரிப்பு இந்த இரண்டிலும் சேராது. அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசி வடிவப் படிகங்களாகத் தோலில் குத்துகிறது, உங்களுக்கு மட்டுமல்ல, யார் நறுக்கினாலும் அரிக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கிழங்கைக் கழுவாமல் காய்ந்தபடியே நறுக்குங்கள். சேப்பங்கிழங்குக்கும் இதேதான்.

மகளுக்கு வந்ததும் ஒவ்வாமை இல்லை. எலுமிச்சைச் சாற்றிலுள்ள சில பொருள்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் அந்த இடம் வெந்துபோகும். ஒன்றிரண்டு நாளில் சிவந்து, பிறகு சாறு வழிந்த வடிவத்திலேயே கறுக்கும். வெயிலில் நின்று பழம் பிழிந்திருப்பாள், கேட்டுப் பாருங்கள். கறுப்பு தானாகவே போகும், வாரங்களோ மாதங்களோ ஆகும். தேய்க்க வேண்டாம், வெளுக்கும் கிரீம் வேண்டாம், வெளியே போகும்போது முழுக்கைச் சட்டை போட்டால் போதும்.

கடைசியாகப் பரிசோதனை. உங்களுக்கு இரண்டு வேண்டும். பூண்டுக்குப் பேட்ச் டெஸ்ட், இறாலுக்குப் பிரிக் டெஸ்ட். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் விசாரியுங்கள், இல்லையென்றால் எங்கே செய்கிறார்கள் என்று அவர்களே சொல்லுவார்கள். பேட்ச் டெஸ்டில் முதுகில் சிறிய வில்லைகளை ஒட்டி இரண்டு நாள் அப்படியே விடுவார்கள், அதுவரை முதுகு நனையக் கூடாது. வழக்கமான வில்லைகளில் பூண்டு சேர்ந்திருக்காது, அதனால் பூண்டு வேலை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே பூண்டை நறுக்கி ஒட்டிப் பார்க்கிற யோசனை வந்தால் கைவிடுங்கள், புண்ணாகிவிடும். பிரிக் டெஸ்ட் கையில் ஒரு சின்னக் குத்து, இருபது நிமிடத்தில் முடிவு தெரியும். ஆனால் இதை ஏதாவது ஆனால் சமாளிக்க வசதியுள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். அதற்கு முந்தைய ஒரு வாரம் செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். சளி மருந்துகளிலும் அது ஒளிந்திருக்கும், சீட்டைக் காட்டிக் கேளுங்கள். அடுத்த முறை புறங்கை தடித்ததைப் படம் எடுக்கலாம் என்று இறாலைத் தொட வேண்டாம். பழைய படம் ஏதும் இருந்தால் போதும்.

போவதைத் திங்கட்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஒட்டினால் புதன்கிழமை பிரித்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை மறுபடியும் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை அவசியம் போங்கள், புதன் அன்று ஒன்றும் தெரியாமல் இருந்து வெள்ளி அன்று சிவக்கிற முதுகுகள் நிறைய உண்டு.